உதடு ஏன் வெடிக்கிறது?

குளிர் காலம் வந்தால் பலருக்கும் உதடு வெடிக்கும். தோல் காய்ந்து உரியும். சிரித்தால் வலிக்கும். காரக் குழம்பு பட்டால் எரியும். சிலருக்கு ரத்தமும் கசியும்.

இது நோயா? பெரும்பாலும் நோய் இல்லை. வீட்டில் இருக்கும் நெய்யே இதற்குப் போதும். ஆனால் உதட்டில் வரும் புண்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில புண்கள், உடம்புக்குச் சத்து போதவில்லை என்று காட்டுகின்றன. வேறு சில புண்கள், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எச்சரிக்கின்றன. எந்தப் புண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும். சில நேரம் உயிரும் பிழைக்கும்.

உதட்டின் தோல்

உங்கள் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். பிறகு உதட்டைத் தொட்டுப் பாருங்கள். என்ன வேறுபாடு தெரிகிறது?

உள்ளங்கையின் தோல் தடிப்பானது. உதட்டின் தோல் மிக மெல்லியது. முகத்தின் மற்ற இடங்களில் இருக்கும் தோலை விடவும் மெல்லியது. அதனால்தான் உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம் வெளியே தெரிகிறது. உதடு சிவப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உதட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. நம் உடம்பின் தோலில் வியர்வை சுரக்கிறது. முடியின் வேர்களை ஒட்டி எண்ணெய்ப் பசையும் ஊறுகிறது. இந்தப் பசைதான் தோல் காயாமல் காக்கிறது. உதட்டில் முடி இல்லை. வியர்வையும் சுரப்பதில்லை. எண்ணெய்ப் பசையும் மிகக் குறைவு. ஆகவே உதட்டில் இருக்கும் ஈரம் எளிதாகக் காற்றில் போய்விடுகிறது.

குளிர்ந்த, வறண்ட காற்று இந்த ஈரத்தை உறிஞ்சும். வெயிலும் உறிஞ்சும். சளி பிடித்து மூக்கு அடைத்தால் நாம் வாயால் மூச்சு விடுகிறோம். அந்தக் காற்றும் உதட்டைக் காய வைக்கும்.

உதடு காய்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? நாக்கால் நக்குகிறோம். அப்போது இதமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் எச்சில் காய்ந்துவிடும். காயும்போது உதட்டில் இருந்த ஈரத்தையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். மேலும், எச்சிலில் உணவைச் செரிக்க வைக்கும் பொருள்கள் இருக்கின்றன. அவை மெல்லிய உதட்டை உறுத்தும். ஆகவே நக்க நக்க வெடிப்பு அதிகமாகும். உரியும் தோலைப் பல்லால் கடித்து இழுப்பதும் தவறு. அங்கே புண் உண்டாகும்.

பானைக்கு மூடி

வெயிலில் ஒரு பானைத் தண்ணீரைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் நாளுக்கு நாள் வற்றும். பானையை மூடி வைத்தால் வற்றாது.

உதட்டில் பூசும் நெய்யும் களிம்பும் இந்த மூடியைப் போன்றவைதான். அவை உதட்டுக்குப் புதிதாக ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரம் போகாமல் மூடி வைக்கின்றன. அந்த நேரத்தில் வெடிப்பு தானாகவே ஆறிவிடுகிறது.

இந்த உண்மையை மக்கள் வெகு காலத்துக்கு முன்பே அனுபவத்தில் கண்டார்கள். உலகத்தில் எங்கெல்லாம் உதடு வெடித்ததோ அங்கெல்லாம் ஏதோ ஒரு கொழுப்பை எடுத்துப் பூசினார்கள். எந்தக் கொழுப்பு பக்கத்தில் கிடைத்ததோ அதைப் பூசினார்கள்.

நம் நாட்டு மூடிகள்

சரக சம்ஹிதை என்பது நம் நாட்டின் மிகப் பழைய மருத்துவ நூல்களில் ஒன்று. உதடு வெடிக்காமல் இருக்க, நல்லெண்ணெயை வாயில் வைத்துக் கொப்பளிக்கும் பழக்கத்தை அது சொல்கிறது. அப்படியானால் உதட்டு வெடிப்பு அன்றைய மனிதர்களுக்கும் தொல்லையாக இருந்திருக்கிறது.

வடக்கே இமயமலையில் லடாக் இருக்கிறது. அங்குள்ள லே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழை மிகக் குறைவு. காற்று வறண்டது. உயரம் கூடக் கூட வெயிலின் கடுமையும் கூடும். தரையில் கிடக்கும் பனியும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். ஆகவே அங்கே உதடு வெடிப்பது சாதாரணம். அந்த ஊர்களில் ஆப்ரிகாட் பழ மரங்கள் நிறைய உண்டு. அந்தப் பழக் கொட்டையின் பருப்பை இடித்து மக்கள் எண்ணெய் எடுக்கிறார்கள். அதைத் தோலில் பூசுகிறார்கள்.

மேற்கே கடலோரத்தில் கொங்கணப் பகுதி இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களும் கோவாவும் அங்கே உள்ளன. அங்கே கோகம் என்ற மரம் வளர்கிறது. நம் குடம்புளியும் கோகமும் ஒரே இனம். கோகம் பழம் புளிப்பாக இருக்கும். பழத் தோலைக் காய வைத்துக் குழம்பில் போடுவார்கள். கொட்டையை எறிந்துவிட மாட்டார்கள். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கிறது.

அந்தக் கொழுப்பைப் பெண்கள் வீட்டிலேயே எடுத்து வந்தார்கள். கொட்டையை வெயிலில் காய வைப்பார்கள். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து இடிப்பார்கள். அதைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கொழுப்பு மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்து ஆற வைத்தால் கெட்டியாகிவிடும். அதை முட்டை போல உருட்டி வைத்துக் கொள்வார்கள். கோகம் வெண்ணெய் சாதாரண வெப்பத்தில் உருகாது. சுமார் 40 டிகிரியில்தான் உருகும். ஆகவே வெயில் காலத்திலும் வீட்டில் கெட்டியாகவே இருக்கும். உதட்டு வெடிப்புக்கும் குதிகால் வெடிப்புக்கும் அதைத் தேய்ப்பார்கள். இன்று அழகுப் பொருள்கள் செய்யும் ஆலைகளும் இந்த வெண்ணெயை வாங்குகின்றன.

கடைக்கு வந்த களிம்பு

வீட்டில் செய்த பொருள் கடைச் சரக்காக மாறியது எப்படி? இந்தக் கதையின் ஒரு பகுதி அமெரிக்காவில் நடந்தது.

1859-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டைட்டஸ்வில் என்ற ஊரில் மண்ணெண்ணெய்க்காகப் பூமியைத் துளைத்தார்கள். ராபர்ட் செஸ்பரோ என்ற இளைஞர் அதைப் பார்க்கப் போனார். அவருக்கு அப்போது வயது 22. எண்ணெய் இறைக்கும் கம்பிகளில் ஒரு மெழுகு ஒட்டிக் கொண்டு தொல்லை கொடுத்தது. ஆனால் தொழிலாளர்கள் அந்த மெழுகைத் தங்கள் வெட்டுக் காயத்திலும் தீக்காயத்திலும் பூசிக் கொண்டார்கள். செஸ்பரோ அதைக் கவனித்தார். அந்த மெழுகைச் சுத்தம் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1872-ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். அதுதான் வாசலின். கண்டுபிடிப்பாளர் என்று அவர் பெயர் நிலைத்தது. முதலில் பூசிப் பார்த்த தொழிலாளர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

1880-களில் அதே நாட்டில் சார்லஸ் ஃப்ளீட் என்ற மருத்துவர் உதட்டுக்கென்றே ஒரு களிம்பு செய்தார். அது திரி இல்லாத சின்ன மெழுகுவர்த்தி போல இருந்தது. அது சரியாக விற்கவில்லை. 1912-ஆம் ஆண்டில் செய்முறையை வெறும் 5 டாலருக்கு ஜான் மார்ட்டன் என்பவருக்கு விற்றுவிட்டார். மார்ட்டனின் மனைவி தன் சமையல் அறையிலேயே களிம்பை உருக்கினார். அதைப் பித்தளைக் குழாய்களில் ஊற்றி ஆற வைத்தார். பிறகு துண்டு துண்டாக வெட்டினார். அதுதான் சாப்ஸ்டிக் என்ற பெயரில் உலகம் எங்கும் போனது.

கொங்கணப் பெண்களும் அடுப்பில்தான் செய்தார்கள். அமெரிக்கப் பெண்ணும் அடுப்பில்தான் செய்தார்.

நம் நாட்டில் 1929-ஆம் ஆண்டில் ஒரு களிம்பு வந்தது. அப்போது வெள்ளையர் ஆட்சி. வெளிநாட்டுப் பொருளை வாங்காதே, உள்நாட்டுப் பொருளை வாங்கு என்ற சுதேசி எண்ணம் நாட்டில் பரவி இருந்தது. கல்கத்தாவில் கௌர் மோகன் தத்தா என்பவர் போரோலின் என்ற களிம்பைச் செய்தார். பச்சைக் குழாயில் யானைப் படம் போட்டு விற்றார். படிக்கத் தெரியாதவர்களும் யானையைப் பார்த்து அடையாளம் கண்டு வாங்கினார்கள். வெடித்த உதடு, வெட்டுக் காயம், வறண்ட தோல் எல்லாவற்றுக்கும் வங்காள வீடுகளில் அதைப் பூசினார்கள். இன்றும் அது விற்பனையில் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போரிக் அமிலம் கலந்த களிம்புகள் காயத்துக்காகச் செய்யப்பட்டவை. போரிக் அமிலம் வயிற்றுக்குள் போகக் கூடாது. சின்னக் குழந்தைகள் உதட்டை நக்கிக் கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு நெய்யோ தேங்காய் எண்ணெயோ பூசினால் போதும்.

வீட்டிலேயே செய்யலாம்

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். வெயிலில் உருகி ஓடும். அதோடு தேன்மெழுகு சேர்த்தால் கெட்டியாக நிற்கும். தேன்மெழுகு தேனீ வளர்ப்பவர்களிடம் கிடைக்கும்.

செய்முறை இதுதான். 1 கரண்டி தேன்மெழுகு எடுங்கள். 3 கரண்டி தேங்காய் எண்ணெய் எடுங்கள். இரண்டையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் போடுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அந்தத் தண்ணீருக்குள் கிண்ணத்தை வையுங்கள். மெழுகு உருகியதும் கலக்குங்கள். ஈரம் இல்லாத சுத்தமான டப்பாவில் ஊற்றி ஆற விடுங்கள். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். தீப் பிடிக்கும்.

மெழுகுவர்த்தியை உருக்கி இதில் சேர்க்கக் கூடாது. அதில் சாயமும் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம்.

கடையில் வாங்கினால் உறையைப் படித்துப் பாருங்கள். விலை என்ன? எத்தனை கிராம்? எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம்? பழ வாசனைக்கும் மினுமினுப்புக்கும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள். வெடிப்பை ஆற்றுவது அதில் உள்ள மெழுகும் எண்ணெயும்தான். வாசனைப் பொருளும் சாயமும் சிலருக்கு ஒத்துக் கொள்ளாது. உதடு அரித்தால், வீங்கினால் அதை நிறுத்திவிட வேண்டும்.

ஒருவர் பூசிய களிம்பை இன்னொருவர் பூசக் கூடாது. சிலருக்கு உதட்டோரத்தில் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் வரும். அது வைரஸ் கிருமியால் வருவது. களிம்பு மூலமும் முத்தம் மூலமும் அது பரவலாம். கொப்புளம் இருப்பவர்கள் பிறந்த குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது. அது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

தொப்புளில் எண்ணெய் விடலாமா?

வட இந்தியாவில் பலர் குளிர் காலத்தில் படுக்கும் முன் தொப்புளில் கடுகு எண்ணெய் விடுவார்கள். அப்படி விட்டால் உதடு வெடிக்காது என்பது நம்பிக்கை.

இது உண்மையா? குழந்தை வயிற்றில் இருக்கும்போது தொப்புள் கொடி வழியாகத்தான் அதற்கு உணவு போகிறது. பிறந்த பிறகு அந்த வழி மூடிக் கொள்கிறது. தொப்புளில் இருந்து உதட்டுக்குப் போக எந்தக் குழாயும் இல்லை. தொப்புளில் விட்ட எண்ணெய் தொப்புளில்தான் இருக்கும். வெடிப்பு உதட்டில் இருக்கிறது. ஆகவே உதட்டில்தான் பூச வேண்டும். கடுகு எண்ணெய் வெடிப்பில் எரியும். நெய் எரியாது.

வாய் ஓரத்தில் புண் வந்தால்

சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, வாயின் இரண்டு ஓரங்களிலும் வெடித்துப் புண் வரும். வாயைத் திறக்க முடியாது. நாக்கும் சிவந்து வலிக்கும். களிம்பு பூசினால் கொஞ்சம் ஆறும். மறுபடியும் வரும். காரணம் என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு. குன்னூரில் ஓர் உணவு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அதன் தலைவராக ஐக்ராய்டு என்ற அறிஞர் இருந்தார். அவரும் கிருஷ்ணன் என்ற அறிஞரும் 1936-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வைட்டமின் பி-2 என்ற சத்துக் குறைவால் இந்த வாய்ப்புண் வருகிறது என்று அதில் எழுதினார்கள். குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் 1958-ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்று அதுதான் தேசிய உணவூட்ட நிறுவனம்.

வைட்டமின் பி-2 எதில் இருக்கிறது? பால், தயிர், மோர், முட்டை, ஈரல் ஆகியவற்றில் இருக்கிறது. கீரைகளிலும் பருப்புகளிலும் இருக்கிறது. வெறும் சோறு மட்டும் சாப்பிட்டால் இந்தச் சத்து போதாது. சோற்றுக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் இருப்பதும் போகும். பாலை வெளிச்சத்தில் வைத்தாலும் இந்தச் சத்து அழியும். பாலை மூடி, நிழலில் வைக்க வேண்டும்.

இரும்புச் சத்து குறைந்தாலும் வாய் ஓரம் வெடிக்கும். ரத்தம் குறைந்தால் உதடு வெளுத்துப் போகும். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100 பேருக்கு 57 பேர் ரத்தச் சோகை உள்ளவர்கள் என்று அது சொல்கிறது. பாதிப் பேருக்கும் மேல்! பல வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகப் பெண் சாப்பிடுகிறாள். கீரையும் பருப்பும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன. அவள் உதட்டில் எவ்வளவு களிம்பு பூசினாலும் ரத்தம் ஊறாது. அவள் தட்டிலும் கீரை, பருப்பு, முட்டை இருக்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

வயதானவர்களுக்குப் பல் போய்விட்டால் வாய் ஓரத்தில் எச்சில் தேங்கும். அதனாலும் புண் வரும். பூஞ்சைக் கிருமியாலும் வரும். சத்துள்ள உணவு சாப்பிட்டும் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆறாத புண்

மூன்றாவது வகைப் புண்தான் ஆபத்தானது.

பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்கண்ட் மாநிலங்களில் பலர் கைனி என்ற புகையிலையைப் போடுவார்கள். புகையிலையைச் சுண்ணாம்போடு உள்ளங்கையில் கசக்குவார்கள். கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கி வைப்பார்கள். தமிழ்நாட்டில் வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் உண்டு. 2016-17-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்கள் 100 பேரில் சுமார் 21 பேர் இப்படிப் புகை இல்லாத புகையிலையைப் பயன்படுத்தினார்கள்.

புகையிலை அடங்கும் இடத்தில் முதலில் வெள்ளைத் திட்டு வரலாம். அல்லது சிவப்புத் திட்டு வரலாம். பிறகு புண் வரலாம். வலி இருக்காது. வலி இல்லாததால் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். பல ஆண்டுகள் கடும் வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் கீழ் உதட்டில் ஆறாத புண் வரலாம். வெயிலில் போகும்போது தலையையும் முகத்தையும் நிழலில் வைக்கும்படி முண்டாசு கட்டுவதும் தொப்பி போடுவதும் நல்லது.

இரண்டு வாரம் ஆகியும் புண் ஆறவில்லையா? தடித்துக் கெட்டியாகிறதா? ரத்தம் கசிகிறதா? களிம்பு பூசிக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பல் மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ காட்ட வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் இந்தப் புற்றுநோயைக் குணப்படுத்த முடியும்.

புகையிலையை விட நினைப்பவர்களுக்கு உதவி உண்டு. 1800-11-2356 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை. இந்த எண் புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். புகையிலை போடும் உறவினர் இருந்தால் அந்த எண்ணை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நினைவில் வைப்போம்

உதடு காய்ந்து வெடித்தால் நக்கக் கூடாது. நெய், தேங்காய் எண்ணெய், வாசலின் ஏதாவது ஒன்றைப் பூசலாம். படுக்கும் முன் பூசினால் நல்ல பலன் தெரியும்.

வாய் ஓரத்தில் அடிக்கடி புண் வந்தால் உணவைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கூடிப் பேசுவோம்

உங்கள் ஊரில் உதட்டு வெடிப்புக்கு என்ன பூசுகிறார்கள்? அது மூடி போல வேலை செய்கிறதா?

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவர் தட்டில் கீரையும் பருப்பும் இருக்கிறதா?